கணித அகராதியும் அதனைக் கையாளும் முறையும்

சித்தூர் நகரத்துப் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு வரை தெலுங்கில் பயின்று ஒன்பதாம் வகுப்பில் தமிழ்ப் பிரிவுக்கு மாறி வந்த மாணவன் ஒருவன், வட்டத்தைப் பற்றிய வினாவுக்கு விடை எழுதுகையில், ‘வியாசம் 14 சென்டிமீட்டர்’ என்று தொடங்கினான். தமிழாசிரியரிடம் பயின்று பின்னர்க் கணிதம் கற்பிக்க வந்த ஆசிரியர் அதனைப் படித்துவிட்டு, ‘வியாசம் எழுதச் சொன்னது யார்?’ என்று வினவினார். வகுப்பு நகைத்தது. மாணவன் எழுதியது பிழையன்று. தமிழில் வியாசம் என்பது பழைய வழக்கில் கட்டுரையைக் குறிக்கும். தெலுங்கில் அச்சொல் கட்டுரையையும் குறிக்கும், வட்டத்தின் விட்டத்தையும் குறிக்கும். அவன் விட்டத்தையே எழுதினான். மேற்கொண்டு செய்த கணக்கும் சரியாகவே இருந்தது. ஆயினும் முதல் வரியிலேயே நகைப்புக்கு ஆளானமையால், எஞ்சிய ஆண்டு முழுவதும் அவன் வாய் திறந்து விடை கூறியதை யான் கண்டதில்லை.

கணித அகராதி என்னும் கைநூலைப் பற்றி எழுத முற்படும்போது இந்நிகழ்ச்சியே முதலில் நினைவுக்கு வருகிறது. அகராதி என்பது பெரும் புலவர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் உரியது என்றும், பள்ளி ஆசிரியர்க்கும் வயலில் சங்கிலி பிடிக்கும் பணியாளர்க்கும் அது வேண்டுவதில்லை என்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஆராய்ச்சியாளர் தம் துறையின் சொற்களை நாள்தோறும் வழங்குவதால் அவற்றின் பொருளை நன்கு அறிவர். பல மொழிகளும் பல அளவைகளும் கலந்து வழங்கும் நிலப்பகுதியில், பிறர் எழுதிய குறிப்பைப் படித்துப் பணியாற்ற வேண்டியவர்க்கே அகராதி இன்றியமையாதது.

சித்தூரும் திருப்பதியும் அத்தகைய நிலப்பகுதி. பழைய வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளை எடுத்து 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. எல்லை மாற்றத்தின்போது, 1960 ஏப்ரல் 1 அன்று, திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. எல்லைக் கோடுகள் இவ்வாறு பலமுறை நகர்ந்தன. மக்கள் பேச்சு நகரவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய ஊர்களின் சந்தைகளில் இரு மொழிகளும் ஒரே தராசில் நிற்கின்றன. ஆகவே இங்குப் பணிபுரியும் ஆசிரியரின் மேசையில் தமிழ்ப் பாடநூல், தெலுங்குப் பாடநூல், ஆங்கிலக் கைநூல், மத்திய அரசு அலுவலகத்திலிருந்து வரும் இந்திப் படிவம் ஆகிய நான்கும் ஒருங்கே கிடக்கக் காணலாம்.

ஒரே சொல், வேறு பொருள்

மொழிக்கு மொழி சொல் வேறுபடுவது பெரிய இடர் அன்று. தமிழில் முக்கோணம் என்பதைத் தெலுங்கில் த்ரிபுஜம் என்பர். ஆரத்தை வியாசார்த்தம் என்பர். பரப்பளவை வைசால்யம் என்பர். சொல் புதிதாக இருந்தால் கேட்பவர் ‘இது என்ன?’ என்று வினவுவார், விடை கிடைத்துவிடும். (முக்கோணத்தை மூன்று கோணங்களால் பெயரிடாமல் மூன்று பக்கங்களால் பெயரிட்ட தெலுங்கர், முக்கோணவியலை மட்டும் த்ரிகோணமிதி என்றே வழங்குவது ஒரு வேடிக்கை.) இடர் விளைவது, சொல் பழகியதாக இருந்து பொருள் மட்டும் மாறும்போதுதான். அப்பொழுது கேட்பவர் வினவுவதில்லை. தமக்குத் தெரியும் என்றே எண்ணி மேலே செல்கிறார்.

மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பிரமேயம். தெலுங்குக் கல்லூரிப் பாடநூலில் பிரமேயம் என்றால் சார்பு. ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் மற்றொரு கணத்தில் ஒரே ஓர் உறுப்பைப் பொருத்தும் தொடர்பு. இந்திப் பாடநூலில் அதே சொல் தேற்றத்தைக் குறிக்கும். தேற்றத்தைத் தெலுங்கர் சித்தாந்தம் என்பர். எனவே, ‘இந்தப் பிரமேயத்தை நிறுவுக’ என்னும் இந்தி வாக்கியத்தைத் தெலுங்கு பயின்றவர் படித்தால், சார்பை எவ்வாறு நிறுவுவது என்று திகைப்பார்.

இரண்டாவது, அனுபாதம். இந்தியில் இது விகிதம். இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. தெலுங்கில் விகிதத்துக்கு நிஷ்பத்தி என்று பெயர்; அனுபாதம் என்பது விகிதசமம், அதாவது இரண்டு விகிதங்கள் சமமாக இருத்தல். உரக் கலவை பற்றிய குறிப்பில் இச்சொல் வந்தால், எழுதியவர் எம்மொழிக்காரர் என்பதை அறியாமல் பொருள் கொள்ளலாகாது.

மூன்றாவது, வேகம். களப்பணியாளர் பெரிதும் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே. தமிழ்ப் பள்ளி நூல்களில் வேகம் என்பது திசையைக் கருதாத அளவு. திசையும் சேர்ந்ததைத் திசைவேகம் என்கிறோம். தெலுங்கு நூல்களில் திசையற்றதை வடி என்றும், திசையுடையதை வேகம் என்றும் வழங்குகின்றனர். ஆகவே ‘காற்றின் சராசரி வேகம்’ என்று ஒரு குறிப்பில் கண்டால், தமிழர் ஒன்றையும் தெலுங்கர் மற்றொன்றையும் கணக்கிடுவர். இரண்டு விடைகளும் வெவ்வேறாக இருக்கும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் காதங்கி என்னும் ஊரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்குள்ள பெரிய ராடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கி, மேல் வளிமண்டலத்துக் காற்றை அளக்கிறது. அத்தகைய நிலையத்திலாயினும், பள்ளித் தோட்டத்தில் நட்ட சிறு காற்றுமானியிலாயினும், எழும் வினா ஒன்றே. முற்பகலில் வடக்கிலிருந்து நொடிக்கு 10 மீட்டர், பிற்பகலில் தெற்கிலிருந்து நொடிக்கு 10 மீட்டர் காற்று வீசியது என்று கொள்வோம். திசையைக் கருதாவிடில் சராசரி 10. திசையைக் கருதினால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் சராசரி 0. காற்றாலையின் தேய்மானத்தை மதிப்பிடுவோர்க்கு முதல் எண் வேண்டும். புகை எவ்வளவு தொலைவு அடித்துச் செல்லப்பட்டது என்று காண்போர்க்கு இரண்டாவது எண் வேண்டும். எது கேட்கப்பட்டது என்பதை ‘வேகம்’ என்னும் ஒரு சொல்லே முடிவு செய்கிறது.

இதனோடு சேர்ந்த மற்றொரு பிழையையும் இங்கேயே சொல்லிவிடலாம். காற்றின் திசை ஒருமுறை 350 பாகை, மற்றொருமுறை 10 பாகை எனப் பதிவாயிற்று. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும். வடகாற்று தென்காற்று ஆகிவிடும்! உண்மையான சராசரித் திசை 0 பாகை, அதாவது நேர் வடக்கு. நல்ல கணித அகராதியில் ‘சராசரி’ என்னும் தலைப்பில் கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி, இசைச் சராசரி, நிறையிட்ட சராசரி எனப் பல வகைகள் வரிசையாக விளக்கப்பட்டிருக்கும். அவ்வரிசையைக் காணும் ஒருவருக்கு, தாம் இதுவரை ஒன்றே என்று கருதியது பல என்பது புலனாகும். அகராதியின் பெரும்பயன் இதுதான் என்று யான் கருதுகிறேன். தேடிய சொல்லுக்குப் பொருள் தருவதைவிட, தேடாத சொற்கள் பக்கத்தில் நிற்கின்றன என்று காட்டுவதே மேலானது.

மழைக் கணக்கிலும் இவ்வாறே. ஐந்து ஆண்டுகளின் மழையளவு 400, 450, 500, 550, 1600 மில்லிமீட்டர் என்று கொள்க. கூட்டுச் சராசரி 700. ஐந்தில் நான்கு ஆண்டுகள் அந்த அளவை எட்டவேயில்லை. நடுவில் நிற்கும் எண்ணாகிய இடைநிலை 500. உழவர் கேட்கும் ‘வழக்கமாக எவ்வளவு பெய்யும்?’ என்னும் வினாவுக்கு 500 என்பதே பொருத்தமான விடை. 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளக்காடாக்கியது போன்ற பெருமழை ஓராண்டில் பெய்துவிட்டால், அது கூட்டுச் சராசரியை உயர்த்திவிடும். குளத்தின் கொள்ளளவை அந்த எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் எஞ்சிய ஆண்டுகளில் குளம் நிரம்பாது. தெலுங்கில் கூட்டுச் சராசரியை அங்கமத்யமம் என்றும், இடைநிலையை மத்யகதம் என்றும், முகட்டைப் பாஹுளகம் என்றும் வழங்குகின்றனர். பேச்சு வழக்கில் மூன்றையும் ‘சராசரி’ என்றே இரு மொழியினரும் சொல்லிவிடுகின்றனர். இதில் மட்டும் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை.

நில அளவைச் சொற்கள்

கணித அகராதிகளில் பெரும்பாலும் இடம் பெறாதவை வட்டார அளவைகள். ஆயினும் நம் பகுதியில் பொருள் இழப்பு மிகுதியும் இவற்றால்தான் ஏற்படுகிறது.

அங்கணம் என்பது தமிழில் முற்றத்தைக் குறிக்கும். சில ஊர்களில் கழிவுநீர் செல்லும் இடத்தையும் குறிக்கும். திருப்பதியிலும் சித்தூரிலும் அது வீட்டுமனை அளவு. இங்கு ஓர் அங்கணம் 36 சதுர அடி. நீளம் 6 அடி, அகலம் 6 அடி. நெல்லூர்ப் பக்கத்திலோ ஓர் அங்கணம் 72 சதுர அடி. நெல்லூரிலிருந்து வந்து திருப்பதியில் 30 அங்கணம் மனை வாங்க எண்ணும் ஒருவர் தம் மனத்தில் 2,160 சதுர அடியை நினைத்துக்கொள்கிறார். விற்பவர் காட்டுவது 1,080. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எனவே திருப்பதிக் கணக்கில் 5 சென்ட் 60½ அங்கணம். நெல்லூர்க் கணக்கில் 30¼ அங்கணம். இந்த ஒரு வரி குறிப்பேட்டில் இருந்தால் வழக்கு மன்றத்துக்குச் செல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அளவைகளிலும் இதே நிலைதான். சென்னைப் பக்கத்தில் ஒரு குழி 24 அடிச் சதுரம், அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. தஞ்சைப் பகுதியில் ஒரு குழி 12 அடிச் சதுரம், 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மேலும், கணக்கதிகாரம் போன்ற பழைய கணக்கு நூல்களில் மா என்பது இருபதில் ஒரு பங்கு என்னும் பின்னத்தின் பெயர். காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. நில மா ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்காக அமைவதால் இரண்டு பொருளும் அங்கே ஒத்துப்போகின்றன. ஆனால் சென்னைக் காணி அவ்வாறு அன்று. அதனை எண்பதில் ஒரு பங்கு எனக் கொண்டால் கணக்கு முற்றிலும் பிழையாகும். பழைய பத்திரம் ஒன்றில் காணி என்று கண்டால், பின்னமா, நிலமா என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

அளக்கும் முறைக்கும் சொற்பொருளுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு. நான்கு பக்கமும் 60 மீட்டர் உள்ள நிலத்தைக் கண்டவுடன், எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கி 3,600 சதுர மீட்டர் என்று சொல்லிவிடுவது கிராமத்து வழக்கம். மூலைகள் செங்கோணமாக இருந்தால் அது சரி. நிலம் சாய்சதுரமாக இருந்து, எதிர்ப்பக்கங்களுக்கு இடையே உள்ள செங்குத்துத் தொலைவு 48 மீட்டராக இருந்தால், உண்மைப் பரப்பு 60 × 48 = 2,880 சதுர மீட்டர்தான். வேறுபாடு 720 சதுர மீட்டர், ஏறத்தாழ 17.8 சென்ட். ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் தம் கணிதசார சங்கிரகத்தில் இவ்விரண்டையும் வேறு பிரித்து, வியாவஹாரிகம் என்றும் சூட்சுமம் என்றும் பெயரிட்டார். முன்னது நடைமுறைக்கு ஏற்ற தோராயம், பின்னது நுட்பமான அளவு. பெயர் வேறாக இருந்தமையால் கற்பவர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள இடமில்லை. நாம் இரண்டையும் ‘பரப்பு’ என்று ஒரே சொல்லால் வழங்கி, ஏமாற்றத்துக்கு இடம் தருகிறோம்.

அந்நூலைப் பற்றி மேலும் ஒரு செய்தி நம் பொருளுக்கு நேரே உரியது. பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்கில் ஆக்கினார். வடமொழி மூலத்தை ம. ரங்காசாரியார் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912ஆம் ஆண்டு சென்னை அரசாங்கத்தார் வெளியிட்டனர். அப்பதிப்பின் பின்னிணைப்புகளில் எண்களைக் குறிக்கும் சொற்களின் அட்டவணை, மொழிபெயர்ப்பில் வரும் வடசொற்களின் விளக்கம், அளவைகளின் வாய்பாடு ஆகியவை உள்ளன. நிலா என்றால் 1, கண் என்றால் 2, தீ என்றால் 3, கடல் என்றால் 4, அம்பு என்றால் 5 என்று வழங்கிய முறையை அறியாதவர்க்குப் பழைய கணித நூலும் கல்வெட்டும் விளங்கா. அந்தப் பின்னிணைப்புகளை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் அவையே ஒரு கணித அகராதி. நூலைப் பதிப்பித்தவர் அதன் தேவையை நன்கு உணர்ந்திருந்தார்.

அகராதியும் பிழை செய்யும்

இதுகாறும் கூறியதைக் கொண்டு, அகராதியில் உள்ளதெல்லாம் வேதவாக்கு என்று எண்ணிவிடலாகாது. ஐரோப்பாவில் கணித அகராதிகள் நீண்ட வரலாறு உடையவை. பிரெஞ்சு மொழியில் ஓசானாம் 1691ஆம் ஆண்டிலும், ஆங்கிலத்தில் ராப்சன் 1702ஆம் ஆண்டிலும் இத்தகைய நூல்களை வெளியிட்டனர். சார்லஸ் ஹட்டன் என்பார் 1795ஆம் ஆண்டு இரு பெருந்தொகுதிகளாக வெளியிடத் தொடங்கிய கணித அகராதி மிகுந்த மதிப்புப் பெற்றது. அதில் ஒரு தவறு நேர்ந்தது. கிரேக்க மரபின்படி, ஒரு சோடிப் பக்கங்கள் இணையாக உள்ள நாற்கரத்துக்கு டிரப்பீசியம் என்றும், எப்பக்கமும் இணையாக இல்லாத நாற்கரத்துக்கு டிரப்பிசாய்டு என்றும் பெயர். ஹட்டன் இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டார். ஆங்கில நாட்டார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பொருளுக்குத் திரும்பினர், அமெரிக்கர் ஹட்டன் வழியையே பின்பற்றினர், இன்றும் பின்பற்றுகின்றனர். ஒரு நூலின் ஒரு பக்கத்தில் நேர்ந்த மாற்றம் இரு நாடுகளைப் பிரித்து வைத்திருக்கிறது.

இதனால் நமக்கு வரும் இடர் என்ன? நாம் சரிவகம் என்றும் தெலுங்கர் சமலம்ப சதுர்புஜம் என்றும் வழங்கும் வடிவத்துக்கு, இணைப்பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியைச் செங்குத்து உயரத்தால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். ஏரிக்கரையின் குறுக்கு வெட்டு இவ்வடிவமே. மேல் அகலம் 2 மீட்டர், அடி அகலம் 8 மீட்டர், உயரம் 3 மீட்டர் எனில் வெட்டுப் பரப்பு 15 சதுர மீட்டர். நீளத்தால் பெருக்கினால் மண்ணின் கன அளவு. இச்சூத்திரத்தை இணைப்பக்கம் இல்லாத நாற்கரத்தில் இட்டால் விடை வரும். ஆனால் பொருள் இராது. அத்தகைய நிலத்தை மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணங்களாகப் பிரித்தே அளக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு ‘டிரப்பீசியம்’ என்னும் சொல்லுக்கு நேரே உள்ளதைப் படிப்பவர், தம் பாடநூலில் உள்ளதற்கு நேர் எதிரானதைக் காண்பார்.

பதிப்பாண்டும் கருதத்தக்கது. ஆங்கில நாட்டுப் பழைய நூல்களில் பில்லியன் என்பது இலட்சம் கோடி. அமெரிக்க வழக்கில் நூறு கோடி. 1974ஆம் ஆண்டு முதல் ஆங்கில அரசாங்கமும் நூறு கோடி என்னும் பொருளையே ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் அச்சான அகராதி நூலகத்தில் இருந்தால், அது தன் காலத்துக்குச் சரியானதே. நம் காலத்துக்கு ஆயிரம் மடங்கு தவறானது. பகா எண்களில் 1 சேருமா என்னும் வினாவும் இவ்வாறே. 1914ஆம் ஆண்டு லேமர் வெளியிட்ட பகா எண் பட்டியல் 1இல் தொடங்குகிறது. இன்று எந்நூலும் 1ஐப் பகா எண்ணாகக் கொள்வதில்லை. கொண்டால், ஒவ்வோர் எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே வழியில்தான் எழுத முடியும் என்னும் தேற்றத்தை ஒவ்வொரு முறையும் ஒரு விதிவிலக்கோடு சொல்ல நேரும். மாணவன் ‘ஏன்?’ என்று கேட்டால், ‘நூலில் அவ்வாறு இருக்கிறது’ என்னாது இந்தக் காரணத்தைச் சொல்லலாம். வரையறை என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. வசதி கருதி மனிதர் செய்துகொண்ட உடன்பாடு என்பதை அவன் அப்பொழுது உணர்வான்.

கலைச்சொல் தொகுதிகள்

அகராதி என்னும் பெயரால் இருவகை நூல்கள் வழங்குகின்றன. ஒருமொழிச் சொல்லுக்கு மறுமொழிச் சொல்லை மட்டும் தருவது கலைச்சொல் தொகுதி. சொல்லுக்கு வரையறையும் எடுத்துக்காட்டும் தருவது விளக்க அகராதி. முன்னது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும்; ஆசிரியர்க்குப் பின்னதே வேண்டும். ‘பிரமேயம்’ என்பதற்கு எதிரே ‘சார்பு’ என்று மட்டும் கண்டவர், சார்பு எது என்பதை எங்கே போய் அறிவார்?

தமிழில் இம்முயற்சி பழமையானது. 1916ஆம் ஆண்டிலேயே சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் ஒன்று கூட்டினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938ஆம் ஆண்டு கலைச்சொற்களைத் திரட்டி வெளியிட்டனர். மத்திய அரசு 1961 அக்டோபர் 1 அன்று அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவியது. இயற்பியல் அறிஞர் தௌலத் சிங் கோத்தாரி அதன் முதல் தலைவர். வடிவியல் படங்களின் புள்ளிகளுக்கு இந்திய எழுத்துகளை இடலாம், ஆனால் முக்கோணவியல் தொடர்புகளில் உரோமன், கிரேக்க எழுத்துகளையே இட வேண்டும் என்று அவ்வாணையம் வகுத்த விதி, கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்க்கு இன்றும் நல்ல வழிகாட்டி. தெலுங்கில் கல்லூரி நூல்களுக்கும் கலைச்சொற்களுக்குமென 1968ஆம் ஆண்டு தெலுங்கு அகாடமி தோன்றியது.

இத்தனை அமைப்புகள் இருந்தும் பொதுச்சொல் ஏற்பட்டுவிடவில்லை. தமிழுக்குள்ளேயே வேற்றுமை உண்டு. நாம் கணம் என்பதை இலங்கைத் தமிழர் தொடை என்பர். நாம் அணி என்பதை அவர்கள் தாயம் என்பர். நாம் கைவிட்ட அட்சரகணிதம் என்னும் பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது. இதனைக் குறையாக யான் சொல்லவில்லை. பொதுச்சொல் வரும்வரை கணக்குக் காத்திராது. ஆகையால் வேற்றுமையைப் பதிவு செய்யும் அகராதியே இப்பொழுது தேவை.

கையாளும் முறை

விலையுயர்ந்த நூலை ஒவ்வொருவரும் வாங்க வேண்டும் என்பதில்லை. அனந்தப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த குத்தி என்னும் ஊரில் துணைக் கலெக்டராக இருந்த வ. இராமசாமி ஐயர், கணித நூல்களும் இதழ்களும் கிடைக்காமல் வருந்தி, 1907ஆம் ஆண்டு ஒரு கழகத்தைத் தோற்றுவித்தார். உறுப்பினர் சந்தா செலுத்தி நூல்களையும் இதழ்களையும் வரவழைத்து, அஞ்சல் வழியே ஒருவர்க்கொருவர் அனுப்பிப் படித்தனர். அக்கழகமே பின்னர் இந்தியக் கணிதச் சங்கம் ஆயிற்று. தொடங்கியவர் பேராசிரியர் அல்லர், வருவாய்த் துறை அலுவலர் என்பதைக் களப்பணியாளர் மகிழ்ச்சியோடு நினைவில் வைத்துக்கொள்ளலாம். இராமானுசன் வேலை தேடி 1910ஆம் ஆண்டு திருக்கோவிலூரில் சென்று கண்டதும் இவரையே. இராமானுசனின் இளமைக் கால ஆசானும் ஒரு வகையில் குறிப்பு நூல்தான். கார் என்பாரின் தொகுப்பில் ஆயிரக்கணக்கான முடிவுகள் எண்ணிட்டு நிற்கும், நிறுவல்கள் மிகச் சுருங்கியே இருக்கும். நிறுவலைத் தாமே காண வேண்டியிருந்தமை அவர்க்கு நன்மையாயிற்று. எல்லா மாணவர்க்கும் அவ்வாறே ஆகும் என்று சொல்ல இயலாது. அகராதியைப் பாடநூலுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது என்பதற்காகவே இதனைக் குறித்தேன்.

ஜேம்ஸ் என்னும் பெயருடைய தந்தையும் மகனும் தொகுத்து 1942ஆம் ஆண்டு முதன்முதல் வெளியிட்ட ஆங்கிலக் கணித அகராதி கல்லூரி நூலகங்களில் கிடைக்கக்கூடியது. 1959ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரெஞ்சு, ஜெர்மன், உருசியம், ஸ்பானியம் ஆகிய மொழிச் சொற்களின் அட்டவணைகளைச் சேர்த்தனர். நம் மொழிகள் அதில் இல்லை. ஆசிரியர் ஒரு கோடிட்ட குறிப்பேட்டை எடுத்து, தமிழ், தெலுங்கு, ஆங்கிலம், இந்தி என நான்கு பத்திகளும், ஐந்தாவதாக ‘எச்சரிக்கை’ என ஒரு பத்தியும் இட்டுக்கொள்ளட்டும். பாடம் நடத்துகையில் எதிர்ப்படும் சொல்லை அன்றன்றே எழுதி, மூல நூலின் பெயரையும் பதிப்பாண்டையும் ஓரத்தில் குறிக்க வேண்டும். நான்கு பத்திகளும் நிரம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்தாவது பத்தியே உயிரானது. அங்கணத்துக்கு எதிரே ‘திருப்பதி 36, நெல்லூர் 72’ என்பதும், வேகத்துக்கு எதிரே ‘தெலுங்கில் திசையுடன்’ என்பதும் அங்கேதான் இடம் பெறும். களப்பணியாளர் தம் அளவைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை இதற்கு ஒதுக்கலாம்.

வேற்று மொழிப் பள்ளியிலிருந்து மாணவன் வரும்போது அக்குறிப்பேட்டை அவன் கையில் கொடுத்து, அவனுக்குத் தெரிந்த சொற்களை அவனையே எழுதச் சொல்வது நலம். மேலே கூறிய வியாசம் என்னும் சொல் என் குறிப்பேட்டில் அவ்வாறு ஏறியதன்று. நகைப்பு அடங்கிய பின்னர், காலம் கடந்து, யானே எழுதிக்கொண்டது. அடுத்து வந்த மாணவர் எழுதியவை இப்பொழுது நாற்பது பக்கங்களுக்கு மேல் இருக்கின்றன.

பயிற்சி

1. திருமலைக்கு ஏறும் பேருந்து மணிக்கு 20 கிலோமீட்டரும், இறங்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டரும் செல்கிறது. இரு பாதைகளும் சம நீளமுடையவை எனக் கொண்டு, முழுப் பயணத்தின் சராசரி வேகத்தைக் காண்க. விடை 25 அன்று, 24. இது எவ்வகைச் சராசரி என்பதை அகராதியில் தேடி அறிக. தெலுங்கில் அதற்கு ஹராத்மக மத்யமம் என்று பெயர்.

2. அதே பேருந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. தெலுங்குப் பாடநூலின் பொருளில் அதன் சராசரி ‘வேகம்’ எவ்வளவு?